வெளி ஹார்ட் டிஸ்க்கில் சில படங்களுக்கும் வீடியோக்களுக்கும் தம்ப்நெயில் வரவில்லை, என்ன செய்யலாம்?

மலர்_கரூர் எழுதியது:

வணக்கம். வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். அக்கா கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் கொடுத்தவை, வீட்டில் எல்லோருடைய போன்களிலிருந்தும் எடுத்தவை, அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமராவில் இருந்தவை என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. லேப்டாப்பில் விண்டோஸ் 10. ஃபோல்டரைத் திறந்தால் ஜேபெக் படங்களுக்குத் தம்ப்நெயில் (உள்ளே இருப்பதைக் காட்டும் குட்டிப் படம்) வருகிறது, ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி படங்களுக்கு வெறும் ஐகான்தான். வீடியோக்களில் சிலவற்றுக்கு வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லை. இரண்டுமே எம்பி4தான், அப்புறம் ஏன் இந்த வித்தியாசம் என்று புரியவில்லை.

இன்னொன்று, ஒரு தடவை வந்த தம்ப்நெயில்கள் சில நாள் கழித்துத் திறந்தால் இல்லை, மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாக வருகின்றன. அதே டிஸ்க்கைத் தம்பியின் கம்ப்யூட்டரில் (லினக்ஸ் மின்ட்) போட்டால் அங்கேயும் முதலிலிருந்துதான். தேடிப் பார்த்த இடத்திலெல்லாம் "தம்ப்நெயில் கேஷை அழி" என்றே சொல்கிறார்கள். அழித்தால் சரியாகுமா?

கல்யாண வீடியோ தனிக் கதை. இரண்டு மணி நேரக் கோப்புகள் வரிசையாக இருக்கின்றன, தம்ப்நெயில் வந்தாலும் எல்லாவற்றிலும் அதே மணவறைதான் தெரிகிறது. தாலி கட்டுவது எதில், பந்தி எதில் என்று திறந்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்ட வழி உண்டா?

—

பொருநைக்கரை எழுதியது:

மலர், கேஷை இப்போதைக்குத் தொடாதீர்கள். இந்தக் கேள்வி வந்தாலே எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள், உங்கள் பிரச்சினையில் பாதிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் பார்க்கும் தம்ப்நெயில் பெரும்பாலும் கோப்புக்குள் தயாராக உட்கார்ந்திருப்பது அல்ல. கம்ப்யூட்டர் அந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே இருப்பதை விரித்து, சின்னதாக்கி, அதை ஓரிடத்தில் சேமித்து வைக்கிறது. அந்த இடம்தான் கேஷ். விரிக்கவே தெரியாத வகை என்றால் கேஷை எத்தனை முறை அழித்தாலும் ஐகான்தான் வரும்.

எம்பி4 என்பது வெறும் உறைதான். உள்ளே வீடியோ ஹெச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்டு இருந்தால் விண்டோஸ் தானே விரித்துவிடும். ஹெச்.265 (ஹெச்இவிசி என்பதும் இதுதான்) இருந்தால் அதற்கான கோடெக் (சுருக்கியதை விரிக்கும் மென்பொருள்) தனியாக வேண்டும். ஐபோன்கள் 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது இந்த வகைக்கு மாறின, ஹெச்இஐசி படங்களும் அதே முறையில்தான் சுருக்கப்படுகின்றன. அதனால் உங்கள் ஐபோன் படமும், ஐகானாக நிற்கும் அந்த வீடியோக்களும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் நிற்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' இலவசம், 'ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்' சிறு தொகை கட்டி வாங்க வேண்டும். ஹெச்இஐசிக்கு இரண்டும் வேண்டும், முதலாவதை மட்டும் போட்டுவிட்டு வரவில்லையே என்று பலர் திணறுகிறார்கள். சில லேப்டாப்களில் கம்பெனியே இரண்டாவதைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது, அதனால்தான் ஒருவருக்கு வருவது இன்னொருவருக்கு வருவதில்லை.

காசு கட்ட வேண்டாம், அல்லது எம்கேவி, எஃப்எல்வி என்று வீடியோ வகைகள் கதம்பமாக இருக்கின்றன என்றால் ஐகாரோஸ் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். எஃப்எஃப்எம்பெக் (வீடியோக்களைக் கையாளும் ஒரு இலவச மென்பொருள்) விரிக்கும் வீடியோ எதற்கும் எக்ஸ்ப்ளோரரிலேயே, அதாவது விண்டோஸின் ஃபோல்டர் சாளரத்திலேயே, தம்ப்நெயில் வரவைக்கும். நிறுவியதும் அதன் அமைப்புத் திரையைத் திறந்து தம்ப்நெயிலை இயக்கிவிட்டு, எந்தெந்த வகைக் கோப்புகளுக்கு என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு சின்னச் சோதனை: ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ தாவலில் 'எப்போதும் ஐகான், தம்ப்நெயில் வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் இருக்கிறதா பாருங்கள். உங்களுக்கு ஜேபெக் வருவதால் இருக்காது, பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

—

பொருநைக்கரை எழுதியது:

மறைந்து போவதைப் பற்றிச் சொல்ல விட்டுப் போயிற்று. எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'தம்ப்ஸ் டிபி' என்று ஒரு மறைகோப்பு இருக்கும், டிஸ்க் போகுமிடமெல்லாம் அதுவும் போகும். விஸ்டாவிலிருந்து அதை மாற்றி, எல்லாத் தம்ப்நெயில்களையும் சி டிரைவில் பயனரின் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் ஒரே இடத்தில் வைக்கிறார்கள். உங்கள் படங்கள் டிஸ்க்கில், அவற்றின் தம்ப்நெயில்கள் லேப்டாப்பில். தம்பி வீட்டில் முதலிலிருந்து வருவது இதனால்தான்.

லேப்டாப்பிலேயே மறைகிறது என்றால் ஏதோ ஒன்று அதைத் துடைக்கிறது. டிஸ்க் கிளீனப்பில் 'தம்ப்நெயில்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு, வேகமாக்குகிறேன் என்று வரும் கிளீனர் மென்பொருள்களிலும் உண்டு. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம், மீடியம் ஐகானுக்கும் எக்ஸ்ட்ரா லார்ஜ் ஐகானுக்கும் கேஷ் தனித்தனி (96, 256, 768 பிக்சல் என்று போகும்). அளவை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒவ்வொரு அளவுக்கும் புதிதாக உருவாக்கும். ஒரு அளவில் நிலையாக இருங்கள்.

—

நள்ளிரவு_டெர்மினல் எழுதியது:

தம்பியின் மின்ட் பக்கத்தை நான் சொல்கிறேன். லினக்ஸில் தம்ப்நெயில்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள மறைவான கேஷ் ஃபோல்டருக்குள் 'தம்ப்நெயில்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். ஹோமைத் திறந்து கண்ட்ரோல், ஹெச் அழுத்தினால் மறைந்தவை தெரியும். உள்ளே நார்மல் (128 பிக்சல்), லார்ஜ் (256) என்று ஃபோல்டர்கள், எல்லாம் பிஎன்ஜி கோப்புகள், பெயர்கள் மட்டும் நீளமான எழுத்தும் எண்ணுமாக இருக்கும். மூலக் கோப்பின் முழு முகவரியிலிருந்து எம்டி5 என்ற கணக்குப் போட்டு (முகவரியை ஒரு குறியீடாக மாற்றும் முறை) வரும் பெயர் அது. முகவரிதான் அடையாளம் என்பதால் ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ, ஹார்ட் டிஸ்க்கின் லேபிளை மாற்றினாலோ பழைய தம்ப்நெயில் ஒன்றும் பொருந்தாது, எல்லாம் புதிதாக வரும். ஆகவே டிஸ்க்குக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு அதையே வைத்திருங்கள்.

ஹெச்இஐசிக்கு 'ஹெயிஃப் தம்ப்நெயிலர்', வீடியோவுக்கு 'எஃப்எஃப்எம்பெக் தம்ப்நெயிலர்', இரண்டும் மின்டின் மென்பொருள் மேலாளரிலேயே கிடைக்கும். போட்ட பிறகும் ஐகானாகவே நின்றால் பயப்பட வேண்டாம். அதே தம்ப்நெயில்ஸ் ஃபோல்டருக்குள் 'ஃபெயில்' என்று ஒன்று இருக்கும். ஒரு தடவை தோற்றுப்போன கோப்புகளை அங்கே குறித்து வைத்துக்கொண்டு, கோப்பு மாறாதவரை கம்ப்யூட்டர் மறுபடி முயல்வதே இல்லை. கோடெக் போட்ட பிறகு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழியுங்கள், மற்றவை இருக்கட்டும்.

கல்யாண வீடியோவுக்கு எஃப்எஃப்எம்பெக்கைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஃப்ரேம் எடுத்து, 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வரிசைக்கு ஆறாக நான்கு வரிசையில் ஒட்டி ஒரே ஜேபெக்காகக் கொடு என்று ஒரே கட்டளையில் சொல்லலாம். இரண்டு மணி நேரம் என்றால் 120 நிமிடம், 24 கட்டங்கள், சரியாக ஒரு பக்கம். எஃப்பிஎஸ், ஸ்கேல், டைல் என்ற மூன்று ஃபில்டர்களை அந்த வரிசையில் கோக்க வேண்டும். முழு வீடியோவையும் விரித்துக்கொண்டிருந்தால் நேரமாகும் என்பதால் கீஃப்ரேம்களை (இடையிடையே முழுப் படமாகச் சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரேம்களை) மட்டும் படிக்கும் ஆப்ஷனை உள்ளீட்டுக்கு முன்னால் சேருங்கள், வேகம் பல மடங்கு கூடும். வீடியோவின் பெயரையே அந்த ஜேபெக்குக்கும் வைத்து அதே ஃபோல்டரில் போட்டுவிட்டால் மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, பந்தி எல்லாம் திறக்காமலே தெரியும். சாதாரண ஜேபெக் என்பதால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும், டிஸ்க்கோடு கூடவே போகும். தம்ப்நெயில் பிரச்சினைக்கே இதைத்தான் நிலையான தீர்வு என்பேன்.

—

ஊதாக்கதிர் எழுதியது:

கட்டளை எழுத வராதவர்களுக்கு: மீடியா பிளேயர் கிளாசிக் ஹோம் சினிமா என்ற வீடியோ பிளேயரில் ஃபைல் மெனுவில் 'சேவ் தம்ப்நெயில்ஸ்' இருக்கிறது. வரிசை, பத்தி எத்தனை என்று கொடுத்தால் இதே போல ஒரு தாள் போட்டுத் தரும். ஒவ்வொரு வீடியோவாகத் திறக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை.

படங்கள் நிறைய என்றால் எக்ஸ்ப்ளோரரையே நம்பியிருக்காமல் டிஜிகாம் என்ற படத் தொகுப்பு மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், இலவசம், விண்டோஸிலும் மின்டிலும் ஓடும். தம்ப்நெயில்களைத் தன் சொந்த டேட்டாபேஸில் வைத்துக்கொள்வதால் விண்டோஸ் கிளீனப் அதைத் தொடாது. வெளி டிஸ்க்கை 'கழற்றக்கூடிய ஊடகம்' என்று சேர்த்துவிட்டு, இரவில் மெயின்டனன்ஸில் போய் எல்லாத் தம்ப்நெயிலையும் உருவாக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். முதல் தடவை நேரம் எடுக்கத்தான் செய்யும். ஒரு 6000 × 4000 படத்தை முழுதாக விரித்தால் நினைவகத்தில் 72 எம்பி. ஜேபெக்கில் மட்டும் ஒரு வசதி, அது 8 × 8 கட்டங்களாகச் சேமிக்கப்படுவதால் எட்டில் ஒரு பங்கு அளவில், அதாவது 750 × 500 ஆகவே நேரடியாக விரிக்க முடியும், நல்ல மென்பொருள்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

இன்னொன்றும் மனதில் வையுங்கள். ஆல்பம் போட டிஸ்க்கைக் கடையில் கொடுத்து அவர்கள் அதைத் திறந்தால், வீட்டுப் படங்களின் தம்ப்நெயில்கள் அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும், டிஸ்க்கைக் கழற்றினாலும் போகாது. பெண்கள், குழந்தைகள் படம் இருக்கும் டிஸ்க்கை அப்படியே கொடுக்கவே கூடாது. பிரிண்ட் போட வேண்டியதை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள்.

—

மலர்_கரூர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு எக்ஸ்டென்ஷனும் போட்டதும் ஐபோன் படங்கள் வந்துவிட்டன, போன் வீடியோக்களும் சேர்ந்தே வந்தன. எம்கேவிக்கு ஐகாரோஸ் போட்டேன். கல்யாண வீடியோவுக்குத் தாள் போட்டுப் பார்த்தேன், ஊஞ்சல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அம்மாவே விரலை வைத்துக் காட்டிவிட்டார். கடைக் கம்ப்யூட்டர் விஷயம் சொன்னதற்குத் தனி நன்றி, அடுத்த வாரம் டிஸ்க்கை அப்படியே கொடுப்பதாக இருந்தோம்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். ஸ்டூடியோ எம்கேவிகளில் சிலவற்றுக்குத் தம்ப்நெயில் வருகிறது, ஆனால் முழுக் கறுப்பு. வீடியோ நன்றாக ஓடுகிறது.

—

பொருநைக்கரை எழுதியது:

அவை கறுப்புத் திரையில் தொடங்கி மெல்ல வெளுத்து வருபவையாக இருக்கும், எடுத்த ஃப்ரேம் அந்தக் கறுப்பில் விழுந்திருக்கிறது. ஐகாரோஸ் அமைப்பில் தம்ப்நெயில் ஆஃப்செட் என்று ஒரு சதவீதம் இருக்கும், அதை 20, 30 என்று கூட்டுங்கள், கறுப்பு, வெள்ளை ஃப்ரேம்களைத் தவிர்க்கும் ஆப்ஷனையும் டிக் செய்யுங்கள். ஏற்கெனவே சேமித்த கறுப்புப் படம் கேஷில் இருப்பதால் உடனே மாறாது. கேஷை அழிக்க வேண்டிய நேரம் இதுதான்: டிஸ்க் கிளீனப்பில் சி டிரைவைத் தேர்ந்து 'தம்ப்நெயில்ஸ்' ஒன்றை மட்டும் டிக் செய்து ஓட்டுங்கள், முடிந்ததும் மறக்காமல் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.