நெடுங்கேணி றோட்டில் பார்த்த 'கலப்பு' ஆந்தை

பாலைமரம்: போன வெள்ளி, நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டானுக்குத் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. முன்னால் யானை நிற்கிறது என்று எதிரே வந்தவர் சொன்னதால் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினேன். தலைக்கு மேலே பாலைக் கொப்பில் இரண்டு குட்டி ஆந்தைகள் தோளோடு தோள் ஒட்டி இருந்தன. ஒன்று மரப்பட்டைச் சாம்பல். மற்றது செங்கல் தூள் பூசிய மாதிரிச் சிவப்பு.

"இரண்டு இனம் சோடி சேர்ந்திருக்கிறது, குஞ்சு கலப்பாகத்தான் வரும்" என்று அன்றிரவே நண்பர்களுக்குப் படம் அனுப்பிப் பீற்றிக்கொண்டேன். மறுநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. முதலில் எடுத்த படத்தில் இரண்டுக்கும் கண் கறுப்பு. டோர்ச் வெளிச்சம் பட்டுக் கண்மணி சுருங்கிய அடுத்த படத்தில், இரண்டுக்குமே சுற்றிவர நல்ல மஞ்சள். பிடரியில் வெளிறிய பட்டை இல்லை. தோளோரம் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. போனில் பதிந்த குரலும் மூன்று தட்டு: 'டுக்... டொக்-டொரொக்'. ஆக, இரண்டும் ஓரியன்டல் ஸ்கொப்ஸ் என்ற குட்டி ஆந்தை இனம்தான். ஒரே இனத்திலேயே சாம்பலும் சிவப்பும் உண்டு. அதன் உறவு இனமான இந்தியன் ஸ்கொப்ஸ் கொஞ்சம் பெரியது, கண் கபிலம், பிடரியில் பட்டை தெளிவாக இருக்கும். குரலோ ஒற்றை 'வக்?', யாரோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

தலையில் காது மாதிரி நிற்கும் இறகுக் குஞ்சத்தை மட்டும் நம்பாதீர்கள். நினைத்தால் நிமிர்த்தும், நினைத்தால் படுக்கவைக்கும்.

குளக்கட்டு: குஞ்சம் என்னையும் ஏமாற்றியது தம்பி. முத்தையன்கட்டுக் குளத்தில் விடியப்புறம், மருத மரத்தில் பெரிய ஆந்தை ஒன்று. குஞ்சம் தெரியவில்லை, தலை உருண்டையாகத் தெரிந்தது. பிரௌண் வூட் அவுல், குஞ்சமில்லாத காட்டு ஆந்தை, என்று எழுதிவைத்தேன். பிறகு அது தண்ணீரோரக் கல்லில் இறங்கியது. கால் இரண்டும் கோழிக்கால் மாதிரி வெறுங்கால்! மீன் ஆந்தை. வூட் அவுலுக்குக் கால் முழுக்க இறகு, கண் கறுப்பு, வயிற்றில் குறுக்குக் கோடுகள். மீன் ஆந்தைக்குக் கண் மஞ்சள், நெஞ்சில் கறுத்த நெடுங்கோடுகள். அதற்குப் பிறகு நான் எந்த ஆந்தையையும் காலிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன்.

வீரைக்காடு: அண்ணை, அப்ப கலப்பு என்பதே இல்லையா?

பாலைமரம்: இருக்கிறது. ஆனால் நெருங்கிய உறவு இனங்கள் ஒரே காட்டில் முட்டும் இடத்தில்தான் அதிகம் எதிர்பார்க்கலாம். வட அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் ஸ்பொட்டட் அவுல் இருந்த இடத்துக்குக் கிழக்கிலிருந்து பார்ட் அவுல் 20ஆம் நூற்றாண்டில் பரவி வந்தது. முன்னதற்கு வயிற்றில் வெள்ளைப் புள்ளி, பின்னதற்கு நெடுங்கோடு. கலப்புக்கு இரண்டும் குழம்பியிருக்கும், குரலும் அப்படித்தான். அந்தக் கலப்பு மறுபடியும் பார்ட்டோடு சேர்ந்தால் பிறக்கும் குஞ்சைக் கண்ணால் பிரிப்பது கடினம், மரபணுச் சோதனைதான் வழி. எங்கள் இரண்டு ஸ்கொப்ஸும் பல இடங்களில் ஒரே காட்டில் வாழ்கின்றன, ஆனால் ஒன்றின் பாட்டு மற்றதற்குப் பொருந்தாது. அதனால் நிறத்தைப் பார்த்துக் கலப்பு என்று சொல்ல இனி நான் தயாரில்லை.

வீரைக்காடு: சரி, இந்தச் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். எந்த இடம்?

பாலைமரம்: இடத்தைத் தனியாக அனுப்புகிறேன். றோட்டில் நின்றே பார், தம்பி. மரத்துக்குக் கீழே இறங்காதே. இடப்பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கை, சிவப்பு மண்டையோட்டுப் பலகை, இன்னும் நிற்கிறது.