ஓய்வுக்காலத்தில் பத்தாண்டு: சிப்காட் மாசுக்கு எதிரான பணியில் எங்கே சேர்வது?

மஞ்சக்குப்பம் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும்போது சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் நாற்றத்துக்கு அஞ்சிப் பேருந்துச் சன்னலை மூடிக்கொள்வது எனக்கு நெடுநாள் பழக்கமாகிவிட்டது. அங்கேயே குடியிருப்பவர்கள் எதை மூடிக்கொள்வார்கள் என்ற எண்ணம் இப்போதுதான் உறுத்துகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் குப்பை அள்ளும் நாள்களில் கலந்துகொண்டிருக்கிறேன், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மனமில்லை. வாரத்தில் ஒரு நாளையும் ஓய்வூதியத்தில் மாதம் 2,000 ரூபாயையும் பத்தாண்டுகளுக்கு ஒதுக்க விரும்புகிறேன். வேதியியலும் சட்டமும் அறியாத நான் எந்த வகையில் பயன்படுவேன்?

உப்பனாறு எழுதியது:
அம்மா, பிழையின்றி எழுதத் தெரிந்தவர்தான் இங்கே முதல் தேவை. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் மக்கள் 2004ஆம் ஆண்டு காற்றைத் தாங்களே கண்காணிக்கத் தொடங்கினார்கள். மூடிய வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, வாளியிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று பைக்குள் நிறையும். அதை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் எந்த நேரத்தில் மாதிரி எடுப்பது என்பதைச் சொல்வது வாளியன்று, மூக்கும் குறிப்பேடும்தான். அழுகிய முட்டை வாடையா, அழுகிய முட்டைக்கோசு வாடையா, நகப்பூச்சு வாடையா, மணி என்ன, காற்று எத்திசையிலிருந்து வீசியது, யாருக்குக் கண் எரிந்தது என்று நாள்தோறும் எழுத வேண்டும். காற்றசைவு குறைந்த பின்னிரவில் வாயு தரையோடு தங்கிவிடுவதால், காலையில் வரும் அதிகாரிக்கு எதுவும் தெரியாது. குறிப்பேடு மட்டுமே பேசும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 100க்கு 77.45 பெற்று, கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் வரிசையில் நின்றது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே ஊர்மக்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். என் தவறையும் சொல்கிறேன். நான் ஆறு ஆண்டுகள் எழுதிய குறிப்பில் இரண்டு மாதங்கள் விடுபட்டிருந்தன. ஒரு விசாரணையில், "அந்த இரண்டு மாதமும் நாற்றமே இல்லையா?" என்று அதைத்தான் முதலில் கேட்டார்கள். இன்றும் அந்தக் கேள்வி என்னை வருத்துகிறது.

நெல்லித்தோப்பு எழுதியது:
நான் புதுச்சேரியில் கணக்காளர். பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மரக்கன்று நடக் கொடுப்பவர்கள் பலர்; ஆய்வகக் கட்டணத்துக்கும், சென்னைக்குச் சென்றுவரும் செலவுக்கும், ஆவணங்களைப் பேணும் ஒருவரின் ஊதியத்துக்கும் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. ஆகையால் குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தாமல், மாதந்தோறும் வங்கியிலிருந்து தானே செல்லும்படி கொடுங்கள். நன்கொடைக்கான வருமான வரிவிலக்கு பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே; ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது. ஊர்மக்களின் குழுக்கள் பல பதிவு பெறாதவை. அவர்களுக்குக் கொடுத்தால் விலக்கு இல்லை, எனினும் என் மதிப்பீட்டில் அந்தப் பணமே மிகத் தேவையான இடத்துக்குப் போகிறது. வரவு செலவுக் கணக்கை ஆண்டுக்கொரு முறை கேட்டு வாங்குங்கள்; கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நீங்கள் பத்தாண்டு என்று சொன்னது எனக்குப் பெருமகிழ்ச்சி; இத்தகைய சேதத்தைச் சரிசெய்ய நெடுங்காலம் ஆகும். எங்கள் ஊரில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புகள் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்ததால் கடற்கரை கரைந்துபோனது. அதை மீட்கக் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைந்தது 2018இல்தான்.

பாகூர் எழுதியது:
இன்னும் ஒன்று. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிடப் பொதுவாக ஆறு மாதக் கெடு உண்டு; நிகழ்வின் தேதியை எழுதி வைக்காதவர்கள் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில், தமிழிலேயே விண்ணப்பிக்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைக் குழப்பமின்றி அமைப்பது தமிழாசிரியருக்குக் கைவந்த கலையல்லவா?

மஞ்சக்குப்பம் எழுதியது:
மூவருக்கும் நன்றி. வரும் ஞாயிறு முதல் குறிப்பேட்டுப் பணிக்கு வருகிறேன். மக்கள் சொல்வதை எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதலாமா?

உப்பனாறு எழுதியது:
வேண்டாம், அம்மா. "நெஞ்சு கமறுது" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதி, பக்கத்தில் மணியைக் குறியுங்கள்.