கானா செடி – சேஃபா பிராங்க்: 2006, 2007 நாணய மாற்று விகிதம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. கானாவில் முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்த மாமாவின் பழைய கணக்கு நோட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லை ஊரான சம்பாவில் வாங்கிய சரக்கு. ஐவரி கோஸ்டிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே புழங்கும் சேஃபா பிராங்கிலும் மற்றவர்களுக்குச் செடியிலும் (கானாவின் பணம்தான், மரம் செடி கொடி இல்லை) கொடுத்திருக்கிறார். நோட்டின் எந்தப் பக்கத்திலும் ஒரே நாணயம் கிடையாது.

2006 கடைசியில் ஒரு வரி: “1,000 சேஃ – 18,500”. அடுத்த ஆண்டு ஆகஸ்டில்: “1,000 சேஃ – 1.90”. முதலில் தலை சுற்றியது. அப்புறம்தான் புரிந்தது, 2007 ஜூலை 1 அன்று கானா நான்கு பூஜ்ஜியங்களை வெட்டி, 10,000 பழைய செடியை ஒரு புதிய செடி ஆக்கியது. சில மாதங்கள் பழைய பணமும் புதிய பணமும் சேர்ந்தே புழங்கியதால், அந்தக் காலத்து வரிகளில் எது பழசு, எது புதுசு என்றே தெரியவில்லை.

சேஃபா பக்கம் தொல்லை இல்லை. 1999 முதல் ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிவைத்த விகிதம். யூரோ–செடி விகிதம் கிடைத்தால் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வங்கிக் கணக்கு. எல்லையில் பணம் மாற்றித் தருபவர்கள் கொடுத்த விகிதம் வேறு.

அந்த இரண்டு ஆண்டுகளின் மாதவாரி யூரோ–செடி பட்டியல் யாரிடமாவது உண்டா? அங்கே கடை வைத்திருந்தவர்களின் நோட்டில் சந்தை விலை இருந்தால் இன்னும் நல்லது. போட்டோ எடுத்துப் போட்டாலே போதும்.