எக்ஸ்எஸ்எல்டி: ஃபார்-ஈச் ஒரு வரிசைகூடத் தரவில்லை, உதவுங்கள்

கேட்டவர்: வணக்கம். எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில், ஒரு எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து நூல்களின் தலைப்பையும் ஆசிரியர் பெயர்களையும் எடுத்து எச்டிஎம்எல் அட்டவணையாக்க வேண்டும். நூலகம் என்ற உறுப்புக்குள் பல நூல். ஒவ்வொரு நூலுக்குள்ளும் ஒரு தலைப்பு, ஒன்றோ பலவோ ஆசிரியர். வேர் டெம்ப்ளேட்டில், ஒவ்வொரு நூலாக எடுக்க ஃபார்-ஈச் செலக்ட்="நூலகம்/நூல்", அதனுள், மதிப்பை எழுத வேல்யூ-ஆஃப் செலக்ட்="தலைப்பு". பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் அட்டவணையில் தலைவரி மட்டும்தான் வருகிறது. பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன்.

பதில் 1: நூலகம் உறுப்பில் எக்ஸ்எம்எல்என்எஸ்= என்று ஏதாவது இருக்கிறதா?

கேட்டவர்: ஆமாம், ஒரு நீளமான முகவரி இருக்கிறது. முன்னொட்டு இல்லை.

பதில் 1: அதுதான் காரணம். முன்னொட்டு இல்லாத அந்த அறிவிப்பால் உள்ளே இருக்கும் உறுப்புகள் எல்லாம் அந்த நேம்ஸ்பேஸுக்குள் (ஒரே பெயர்கள் மோதாமல் பிரிக்கும் பெயர்வெளி) போய்விடுகின்றன. செலக்டில் எழுதும் பாதை மொழியான எக்ஸ்பாத் 1.0-இலோ வெறும் "நூல்" என்றால் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத நூல் என்றே பொருள். அப்படி ஒன்று உங்கள் கோப்பில் இல்லை. எதுவும் பொருந்தாதது பிழையும் அல்ல, அதனால் எக்ஸ்எஸ்எல்டியை இயக்கும் செயலி பேசாமல் இருந்துவிடுகிறது.

ஸ்டைல்ஷீட்டின் (உங்கள் எக்ஸ்எஸ்எல்டி கோப்பின்) மேலே எக்ஸ்எம்எல்என்எஸ்:நூ= என்று அதே முகவரியைக் கொடுங்கள். முன்னொட்டு உங்கள் விருப்பம். முகவரி மட்டும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. பிறகு "நூ:நூலகம்/நூ:நூல்", "நூ:தலைப்பு" என்று ஒவ்வொரு படியிலும் முன்னொட்டு வேண்டும். @மொழி போன்ற பண்புகளுக்கு வேண்டாம், இயல்பு நேம்ஸ்பேஸ் பண்புகளைத் தொடாது.

கேட்டவர்: வரிசைகள் வந்துவிட்டன, மிக்க நன்றி! ஆனால் மூன்று ஆசிரியர் உள்ள நூலுக்கும் முதல் பெயர் மட்டுமே வருகிறது.

பதில் 2: ஸ்டைல்ஷீட்டின் வெர்ஷன் 1.0 தானே? அதில் வேல்யூ-ஆஃப் பல கணுக்களை (இங்கே ஆசிரியர் உறுப்புகளை) பெற்றாலும் ஆவண வரிசையில் முதலாவதை மட்டுமே தரும். 2.0-இல் எல்லாம் வரும்; செப்பரேட்டர்=", " என்றால் காற்புள்ளியும் சேரும். ஆனால் வெர்ஷன் எண்ணை மட்டும் மாற்றிப் பயனில்லை. 1.0 மட்டும் தெரிந்த செயலி செப்பரேட்டரைக் கண்டுகொள்ளாது. லிப்எக்ஸ்எஸ்எல்டி என்ற செயலி அப்படிப்பட்டது; சாக்ஸன் என்ற செயலி 2.0-ஐயும் 3.0-ஐயும் அறியும்.

1.0-இலேயே முடிக்க, "நூ:ஆசிரியர்" மீது இன்னொரு ஃபார்-ஈச் போட்டு, அதில் வேல்யூ-ஆஃப் செலக்ட்=".". அடுத்து ஓர் இஃப்: பொசிஷன்() != லாஸ்ட்() என்றால் காற்புள்ளி.

கேட்டவர்: அருமை, சரியாக வருகிறது. கோப்பு முழுவதிலும் முதல் ஆசிரியரை மட்டும் தனியே எடுக்க "//நூ:ஆசிரியர்[1]" போதுமா?

பதில் 1: போதாது. அங்கே [1] ஒவ்வொரு நூலுக்குள்ளும் தனித்தனியாக எண்ணப்படும், நூலுக்கு ஒருவர் வருவார். "(//நூ:ஆசிரியர்)[1]" என்று அடைப்புக்குறி போடுங்கள். 1.0 வேல்யூ-ஆஃபில் இரண்டும் ஒரே விடை தருவதுபோலத் தெரியும். ஃபார்-ஈச்சில் போட்டுப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.