அனுபவப் பகிர்வு: கர்ப்பப்பை, சினைப்பைப் புற்றுநோய் – பழனி மலைக் குடும்பங்கள் எழுதுங்க

மலைச்செவிலி:

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவைக் குறைக்க முடியும்னு உலகத்துக்குக் காட்டின ஆய்வுகள்ல ஒண்ணு நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல நடந்தது. மேல்மலை, கீழ்மலை ரெண்டுலயும் இதைத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. அதனாலதான் இந்தத் திரியைத் தொடங்குறேன். நான் கீழ்மலையில கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவள்.

ஒட்டன்சத்திரம் பக்கத்துல அம்பிளிக்கையில இருக்கிற கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்ஸ் நாட்டு லியோன்ல இருக்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, இவங்களோட இன்னும் சிலரும் சேர்ந்து 2000-ல ஆரம்பிச்சாங்க. முன்னின்று நடத்தினவர் டாக்டர் சங்கரநாராயணன். ஊர்களை 114 தொகுதியாப் பிரிச்சு, பாதித் தொகுதியில 30 முதல் 59 வயசு வரைக்கும் உள்ள பெண்களைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாங்க. 49,000 பேருக்கு மேல அழைப்பு, வந்தவங்க 31,000 பேருக்கு மேல. பரிசோதனை செஞ்சது பயிற்சி எடுத்த செவிலியர்கள். கர்ப்பப்பை வாயில 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல வெளிச்சத்துல வெள்ளைத் திட்டு எழும்புதான்னு பார்க்கிறது, அவ்வளவுதான். திட்டு இருந்தா கால்போஸ்கோப் வெச்சுப் பெரிசாக்கிப் பார்த்து, தேவைப்பட்டா உறைய வைக்கிற கிரையோ சிகிச்சை.

2007-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்கள்ல நோய் 25 சதவீதம் குறைவு, அந்த நோயால சாவு 35 சதவீதம் குறைவு. மீதிப் பாதி ஊர்கள்ல 30,000 பெண்கள் வழக்கமான மருத்துவத்தோட விடப்பட்டாங்க. ஒப்பிட்டுப் பார்க்காம ஆய்வு இல்லைன்னு அறிவுக்குத் தெரியுது. ஆனாலும் அந்த ஊர்ப் பெண்களை நினைச்சா எனக்கு மனசு அடங்குறதில்ல. நமக்குத் தெரிஞ்ச விஷயத்துல அவங்க பங்கும் இருக்கு.

வெட்கப்படாம எழுதுங்க. ஊர் பேர், ஆள் பேர் வேண்டாம்.

பூண்டுக்காட்டுக்காரன்:

வணக்கம் அக்கா. நாங்க மேல்மலை. என் வீட்டுக்காரிக்குக் கர்ப்பப்பை வாயில வந்தது. நாங்க சேர்ந்திருந்தா ரத்தம் பட்டது, வெள்ளைப்படுதல் நாத்தத்தோட வந்தது. காட்டு வேலை, குளிர், சத்துக் குறைவுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. ஒரு கிளினிக்ல உள்ள பார்க்காமலே மாத்திரை மேல மாத்திரை கொடுத்தாங்க. பல மாசம் அதுலயே போச்சு. இதைப் படிக்கிற ஆம்பளைங்களுக்குச் சொல்றேன்: இந்த ரத்தம் முதல்ல நமக்குத்தான் தெரியும். கண்டும் பேசாம இருக்காதீங்க.

மதுரையில சதை எடுத்து டெஸ்ட் பண்ணி, எம்.ஆர்.ஐ. எடுத்து, ரெண்டாம் கட்டம், அதுல 'பி'ன்னாங்க. கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துச் சதை வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம். "ஆபரேஷன் பண்ணி எடுத்துருங்க டாக்டர், எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தம்மா உட்காரவெச்சுப் பேசினாங்க. இந்தக் கட்டத்துல அறுவை செஞ்சாலும் ஓரத்துல நோய் தங்கிடும், பிறகு கரண்டும் (கதிர்வீச்சு) வைக்க வேண்டி வரும், ரெண்டு வேதனையும் சேர்ந்து வரும்னாங்க. மும்பை டாட்டா மருத்துவமனையில 635 பெண்களை வெச்சுப் பார்த்த ஆய்வு 2018-ல வந்திருக்காம். முதல்ல கீமோ கொடுத்து அப்புறம் அறுவை செஞ்சவங்களை விட, கரண்டும் கீமோவும் சேர்த்து வாங்கினவங்கள்ல அஞ்சு வருஷம் நோய் இல்லாம இருந்தவங்க அதிகம், 69-க்கு 77 சதவீதம்னு சொன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் என் மனசு ஒத்துக்கிச்சு.

வாரம் அஞ்சு நாள் வெளியில இருந்து கரண்டு, அஞ்சு வாரம். வாரம் ஒருக்கா சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்து ஏத்தினாங்க. அது முடிஞ்சதும் உள்ளேயே குழாய் வெச்சுக் கொடுக்கிற கரண்டு, பிராக்கிதெரபி. முக்கியமா சொல்ல வேண்டியது இதுதான். வெளிக் கரண்டு முடியும்போது ரத்தம் நின்னுரும், வலி போயிரும். எங்க கூடவே வைத்தியம் பார்த்த ஒரு அம்மா, குணமாயிருச்சு, பிள்ளைங்க தனியா இருக்குதுன்னு ஊருக்குக் கிளம்பினாங்க. டாக்டர் விடல. கர்ப்பப்பை வாயில நோய் இருக்கிற இடத்துக்கே முழு வீரியத்தையும் கொண்டு சேர்க்கிறது அந்த உள் கரண்டுதான், அதை விட்டா திரும்ப வந்துரும்னாங்க. எல்லாம் எட்டு வாரத்துக்குள்ள முடியணும், இழுக்க இழுக்கப் பலன் குறையும். மலையில இருந்து தினம் இறங்கி ஏற முடியாது. கொடைக்கானல் வந்து, காட்ரோடு, வத்தலக்குண்டு தாண்டி மதுரை சேரவே ஒரு பகல் ஆயிரும். ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு ரூம் எடுத்துத் தங்கினோம். பூண்டு வெட்டுற நேரம், மச்சான்தான் காட்டைப் பார்த்துக்கிட்டார். வைத்தியத்துக்கு முதலமைச்சர் காப்பீடு கிடைச்சது, ரூம் வாடகையும் சாப்பாடும்தான் கையைக் கடிச்சது.

வயித்துப்போக்கு, நீர்க்கடுப்பு வந்து பிறகு குறைஞ்சது. முடிஞ்ச பிறகு பிறப்புறுப்பு உள்ள சுருங்கிப் போகாம இருக்க டைலேட்டர்ங்கிற விரிக்கிற குழாயைப் பழக்கணும்னு நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தாங்க. இதை யாரும் வெளியில பேசுறதில்ல. கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. இப்ப நல்லா இருக்கா.

மதுரையில் படிக்கும் தம்பி:

அண்ணே, முழுசா முடிச்சீங்க பாருங்க, அதுக்கே ஒரு கும்பிடு. நான் மருத்துவ மாணவன். இதே கட்டத்துக்கு இப்ப இன்னொரு வழியும் பேசப்படுது. இன்டர்லேஸ்னு ஒரு ஆய்வு, 2024-ல லான்செட்ல வந்தது. 500 பெண்கள், இந்தியா உட்பட அஞ்சு நாடு. கரண்டு ஆரம்பிக்கும் முன்னாடி ஆறு வாரம், வாரம் ஒருக்கா கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல்னு ரெண்டு கீமோ மருந்து. அதை முடிச்ச கையோட வழக்கமான கரண்டும் கீமோவும். அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 80 சதவீதம், நேரடியாக் கரண்டுக்குப் போனவங்கள்ல 72. ரெண்டுமே பழைய, விலை குறைஞ்ச மருந்து, அதான் எனக்குச் சந்தோஷம். ஆனா ரத்தம் குறைவா இருக்கிறவங்களுக்கு இதைத் தாங்குறது சிரமம். நடுவுல இடைவெளி விழுந்துட்டா பலன் போயிரும். எல்லாருக்கும் பொருந்தாது, டாக்டர்கிட்ட கேளுங்க.

தாண்டிக்குடி மதினி:

எங்க அத்தைக்கு வந்தது கர்ப்பப்பைக்குள்ள, வாயில இல்ல. தீட்டு நின்னு பல வருஷமாச்சு. ஒரு நாள் சேலையில கறை. காப்பித் தோட்டத்துல ஏறி இறங்கின சூடுன்னு மோர் குடிச்சிட்டு இருந்தாங்க. நான்தான் விடாப்பிடியா வத்தலக்குண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். தீட்டு நின்னவங்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பார்த்தே ஆகணும், பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு வேற காரணமா இருக்கும், அந்தப் பத்தாவது ஆளைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும்னு ஸ்கேன் டாக்டர் சொன்னாங்க. கர்ப்பப்பையோட உள்வரி 4 மி.மீ.க்குள்ள இருந்தா பெரும்பாலும் பயமில்லையாம். அத்தைக்கு அதைவிட ரொம்பத் தடிச்சிருந்தது. மெல்லிய குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்து உறுதியாச்சு. கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் எடுத்தாச்சு. சீக்கிரமே வந்ததால கீமோ தேவைப்படல.

எடுத்த கட்டியில இன்னொரு பரிசோதனை செஞ்சாங்க. செல் பிரியும்போது மரபணுவுல விழுற எழுத்துப் பிழையைத் திருத்துற புரதங்கள் இருக்காம், அதுல ரெண்டு இல்லைன்னு வந்தது. "உங்க கூடப் பிறந்தவங்கள்ல யாருக்காவது குடல் புற்றுநோய் இருக்கா?"ன்னு டாக்டர் கேட்டதும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அத்தையோட தம்பி அதுலதான் செத்தார், அம்பது வயசுகூட ஆகல. லிஞ்ச்னு, குடல்லயும் கர்ப்பப்பையிலயும் புற்றுநோய் வர வைக்கிற ஒரு பரம்பரைக் குறை. ரத்தத்துலயும் பார்த்து உறுதி செஞ்சாங்க. இப்ப என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ரத்தப் பரிசோதனை கொடுத்து, குறை இருக்கிறவர் கொலோனோஸ்கோபி (குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிறது) பார்த்துக்கிட்டு வர்றார். 2023-ல இருந்து இந்தப் புற்றுநோய்க்குக் கட்டம் பிரிக்கும்போதே கட்டியோட மரபணு வகையையும் சேர்த்துக்கலாம்னு உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு சொல்லியிருக்காம். "கட்டியில அந்தப் பரிசோதனை செஞ்சீங்களா?"ன்னு நீங்களாக் கேளுங்க. அத்தைக்கு வந்தது அவங்களோட போகல, மூணு தலைமுறைக்கு எச்சரிக்கை கிடைச்சிருக்கு.

பண்ணைக்காட்டுப் பிள்ளை:

அம்மாவுக்குச் சினைப்பை. வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டாலே நிறைஞ்ச மாதிரி, அடிக்கடி ஒண்ணுக்கு. மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். தெரிஞ்சபோது மூணாம் கட்டம். முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பரிசோதனை இல்லையான்னு ஆதங்கம் இருந்தது. பிரிட்டன்ல 2,00,000 பெண்களுக்கு மேல வெச்சு, ஒரு பகுதிப் பேருக்கு சி.ஏ.125 (சினைப்பைப் புற்றுநோய்ல கூடுற ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை, இன்னொரு பகுதிக்கு ஸ்கேன்னு வருஷா வருஷம் செஞ்சு, மீதிப் பேரோட ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. சாவு குறையலைன்னு 2021-ல முடிவு. அதனால அறிகுறி இல்லாதவங்க பயத்துல சி.ஏ.125 எடுத்துக் காசை விட வேண்டாம். ஆனா புதுசா வந்த உப்புசம் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல நின்னா ஸ்கேன் எடுத்துருங்க. அம்மாவுக்கு பி.ஆர்.சி.ஏ.ங்கிற, மார்பகம், சினைப்பைப் புற்றுநோயோட தொடர்புள்ள மரபணுவைப் பார்த்தாங்க, குறை இருந்தது. அதனால கீமோ முடிஞ்சு, நோய் திரும்பி வர்றதைத் தள்ளிப்போடக் கொடுக்கிற ஒலாபரிப் மாத்திரையில இருக்காங்க. விலை ரொம்ப அதிகம். இதுக்கு மேல எழுத முடியல.

கூக்கால் பொண்ணு:

மலைச்செவிலி அக்கா, ரெண்டு விஷயம். என் மக ஏழாவது படிக்கிறா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடலாமா? ஊசியால பிள்ளைங்க செத்தாங்கன்னு எங்க மாமியார் எப்பவோ டிவியில கேட்டதைச் சொல்லிப் பயப்படுறாங்க. இன்னொண்ணு, என் சின்னம்மா பரிசோதனைக்கு வரவே மாட்டேங்குறாங்க, ஆம்பளை டாக்டர் பார்ப்பாரோன்னு.

மலைச்செவிலி:

தாராளமாப் போடுங்கம்மா. மாமியார் சொல்றதும் கட்டுக்கதை இல்ல, முழுசாச் சொல்றேன், அவங்ககிட்டயே படிச்சுக் காட்டுங்க. 2009-ல இந்தியாவுல ஒன்பது இடத்துல, 10 முதல் 18 வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பூசி ஆய்வு தொடங்கினாங்க. ஒன்பதுல ஒண்ணு நம்ம அம்பிளிக்கை. பாதிப் பேருக்கு ரெண்டு ஊசி, பாதிப் பேருக்கு மூணு. அந்த நேரத்துல ஆந்திராவுலயும் குஜராத்துலயும் நடந்த வேறொரு திட்டத்துல சில பிள்ளைகள் இறந்தாங்க. 2010-ல அரசாங்கம் எல்லா ஆய்வுலயும் ஊசி போடுறதை நிறுத்தச் சொல்லிருச்சு. விசாரிச்சதுல அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணம்னு வரல. ஆனா ஆய்வுல சேர்ந்த பிள்ளைகள்ல 5,000 பேருக்குக் கிட்ட ஒரே ஊசியோட நின்னுட்டாங்க. அவங்களை விட்டுடாம வருஷக்கணக்கா வீடு தேடிப் போய்ப் பார்த்திருக்காங்க. ஒரே ஊசியும், இந்தப் புற்றுநோயை உண்டாக்குற எச்.பி.வி. கிருமியில 16, 18-ங்கிற ரெண்டு வகை உள்ள தங்காம 95 சதவீதம் தடுக்குதுன்னு 2021-ல வெளிவந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ல பத்துக்கு ஏழு அந்த ரெண்டு கிருமியாலதான். ஒரு ஊசியே போதும்னு 2022-ல உலக சுகாதார நிறுவனம் ஒத்துக்கிட்டதுக்கு இந்தப் பிள்ளைகளும் ஒரு காரணம். நம்ம ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகளும் அதுல உண்டு, எனக்கு அதுல ரொம்பப் பெருமை.

சின்னம்மாகிட்ட சொல்லுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்க்கிறது பெரும்பாலும் செவிலியர்தான். சந்தேகம்னா முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கலாம். எச்.பி.வி. கிருமிப் பரிசோதனைக்கு, மறைவா நின்னு தானே குச்சியில மாதிரி எடுத்துக் கொடுக்கிற முறையையும் உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிட்டிருக்கு. மலையில வாழுற பளியர் பழங்குடிகளுக்கு இது வந்தா எவ்வளவு பேரைக் காப்பாத்தலாம்! கிரையோவுக்குப் பதிலா வெள்ளைத் திட்டைச் சூட்டுல பொசுக்குற, பேட்டரியில ஓடுற கருவியும் இப்ப இருக்கு. கிரையோவுக்குத் தூக்கின அந்தக் கேஸ் சிலிண்டரை ஜீப்ல ஏத்த வேண்டியதில்ல. மலைக்கு இந்த ரெண்டும் வரணும்னு நான் கேட்காத அதிகாரி இல்ல, இன்னமும் கேட்பேன்.

கூக்கால் பொண்ணு:

அக்கா, சின்னம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். வெள்ளைத் திட்டு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சதை எடுத்தாங்க. புற்றுநோய் இல்ல, அதுக்கு முந்தின நிலைன்னாங்க. கிரையோ வெச்சாச்சு. இப்பத் தண்ணியாப் போயிட்டே இருக்கு, பயந்து அழுகுறாங்க.

மலைச்செவிலி:

நல்லபடியாச் செஞ்சிருக்கீங்க. தண்ணி மாதிரிப் போறது நாலு வாரம் வரைக்கும் இருக்கும், புண் ஆறுறதுதான். அதுவரைக்கும் தாம்பத்தியச் சேர்க்கை வேண்டாம், உள்ள எதுவும் வைக்க வேண்டாம், துணி மட்டும் மாத்திக்கட்டும். பூண்டு மூட்டை தூக்கவும் விடாதீங்க. காய்ச்சல், நாத்தம், கட்டி கட்டியா ரத்தம், தாங்காத வயித்துவலி, இதுல எது வந்தாலும் காத்திருக்காம இறங்கிப் போயிருங்க. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். தேதி எழுதின சீட்டை ரேஷன் கார்டோட வெச்சிருங்க.