ஐண்டோவன்ல சத்தமில்லாத ஏரியா, கைக்கு அடங்குற விலை: வூன்செல் பக்கம் வீடு வாங்கலாமா?

ஃபீட்ஸ்மாமா

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா நெதர்லாந்துல ஐண்டோவன்ல வாடகைக்கு இருக்கோம், நான், வொய்ஃப், ஏழு வயசுல ஒரு பொண்ணு. இப்போ இருக்கறது ஸ்ட்ரைப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட், மாசம் 1,650 யூரோ வாடகை, கீழ ஒரு பார் இருக்கு, வெள்ளி சனி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நாங்களும் அந்த பார்லயே உக்காந்திருக்கற மாதிரிதான். இந்த வாடகைய லோனா கட்டினா வீடாவது நம்மளுதுன்னு ஆகுமேன்னு இப்போ தேட ஆரம்பிச்சிருக்கோம்.

எனக்கு 36 வயசு, அவங்களுக்கு 33. எனக்கு பெர்மனெண்ட் கான்ட்ராக்ட், ஆபீஸ் வெல்ட்ஹோவன்ல. எல்லாம் சேர்த்து 4.3 லட்சம் யூரோ தாண்டக்கூடாதுன்னு முடிவு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மேர்ஹோவன் மேர்ஹோவன்னு சொல்றாங்க, நம்ம ஆளுங்க நிறைய, ஆபீஸும் பக்கம், ஆனா அங்க எங்க காசுக்கு அபார்ட்மெண்ட்தான் கிடைக்கும் போல. ஃபுண்டான்னு வீடு விக்கற சைட்ல, வூன்செல்ல இருக்கற ஆக்ட்ஸ பாரியர்ல ஒரு வீடு பாத்தேன், 1977ல கட்டினது, வரிசை வீட்டுல நடு வீடு, 108 சதுர மீட்டர், பின்னாடி சின்ன தோட்டம், எனர்ஜி லேபிள் சி, கேக்கற விலை 3.85 லட்சம். ஃபோட்டோல நல்லாத்தான் இருக்கு. ஏன் இவ்ளோ கம்மி? வூன்செல்னாலே முகம் சுளிக்கறாங்களே, அது நிஜமா? ஹெல்மண்ட் பக்கம் பிராண்டவோர்ட்டும் யோசிக்கறோம். வாங்கினவங்க யாராவது கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

வெந்தயக்குழம்பு

நான் ஆக்ட்ஸ பாரியர்லதான் அஞ்சு வருஷமா இருக்கேன், அதனால இதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும். முதல்ல வூன்செல்னா ஒரே ஏரியா இல்லங்க, ஐண்டோவனோட வடக்குப் பக்கம் முழுக்கவே வூன்செல்தான், நம்ம ஊர்ல வடசென்னைன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போறாங்கல்ல அந்த மாதிரி. உள்ள போனா ஒவ்வொரு பேட்டையும் ஒவ்வொரு தினுசு. நீங்க சொல்ற இடம் எழுபது எண்பதுகள்ல கட்டின குடும்பஸ்தர் ஏரியா. டச்சுக்காரங்க இந்த மாதிரி பேட்டைய காலிஃப்ளவர் பேட்டைன்னே சொல்வாங்க, மேலேர்ந்து பாத்தா தெருவெல்லாம் காலிஃப்ளவர் மாதிரி கிளை கிளையா பிரிஞ்சு முட்டுச்சந்துல முடியும். நேரா ஊடுருவிப் போற ரோடு கிடையாது, அதனால அங்க வேலை இல்லாத வண்டி வரவே வராது. அமைதிக்குக் காரணமே அதுதான், ஜனங்க ரொம்ப சாதுன்னு எல்லாம் இல்ல 😀. எங்க தெரு வோனெர்ஃப், அதாவது வண்டி 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது, பசங்க நடுரோட்டுல சாக்பீஸ்ல கோடு போட்டு விளையாடுவாங்க, கார்தான் காத்திருக்கணும். அதுக்குப் பதிலா பார்க்கிங்ல உயிர் போகும், பி-ன்னு எழுதின கட்டத்துல மட்டும்தான் விடலாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வந்தா ரெண்டு தெரு தள்ளி விட்டுட்டு நடக்கணும்.

இப்போ சத்தம். வெளிய சத்தம் இல்லன்னா உள்ள சத்தம் இல்லன்னு நினைக்காதீங்க, நாங்க ஏமாந்தது அங்கதான். நடு வீடுன்னா ரெண்டு பக்கமும் சுவர் பொதுச் சுவர். எங்க இடது பக்கத்து தாத்தா மாடிப்படி ஏறினா பதிமூணு படியும் எண்ணலாம், ஏன்னா அவரோட படிக்கட்டு எங்க ஹால் சுவர் மேலதான் மாட்டியிருக்கு. வீடு பாக்கப் போனப்போ மாக்கெலார், அதாவது வீட்டு புரோக்கர், ரேடியோவ மெல்லிசா ஓடவிட்டிருந்தார், நாங்களும் என்ன ஒரு ஹோம்லி ஃபீல்னு சந்தோஷப்பட்டோம்! நீங்க போனா ரேடியோவ அணைக்கச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷம் வாயத் தொறக்காம நில்லுங்க, பக்கத்து வீட்டுப் படிக்கட்டு எந்தப் பக்கம்னு பாருங்க. அப்புறம் வேற ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல தெருவுல சும்மா ஒரு நடை நடங்க, ஞாயித்துக்கிழமை மதியமும் ஒரு தடவை. எதிர்ல வர்றவங்ககிட்ட ஹலோ சொல்லி இங்க வீடு பாக்கறோம்னு சொன்னா போதும், மாக்கெலார் சொல்லாதத எல்லாம் அவங்க சொல்லிடுவாங்க.

ஏர்போர்ட் ஊருக்கு மேற்க இருக்கறதால ஃப்ளைட் சத்தம் காத்து பொறுத்து கேக்கும், ஆனா ராத்திரி 11 மணிக்கு மேல டேக் ஆஃப் கிடையாது, லேட்டா வர்ற ஃப்ளைட் 12 வரைக்கும் இறங்கும். அரசாங்கத்தோட லேஃப்பாரோமேட்டர் மேப்ல ஏரியா வாழறதுக்கு எப்படின்னும், அட்லஸ் லேஃப்ஓம்ஹேவிங் மேப்ல சத்தம் எவ்ளோன்னும் பாக்கலாம், பாருங்க, ஆனா மேப்ப மட்டும் நம்பாதீங்க.

கணக்குப்பிள்ளை_040

ப்ரோ, ஏரியா பத்தி அக்கா சொல்லிட்டாங்க, நான் காச மட்டும் பேசறேன். 3.85ன்னு போட்டிருக்கறது தூண்டில், விலை இல்ல. ஏலம் மாதிரி ஆளாளுக்கு விலை கேக்கட்டும், அதாவது பிட் வரட்டும்னு கம்மியா போடுவாங்க, அதே மாதிரி வீடு அதே தெருவுல கடைசியா என்னத்துக்குப் போச்சுன்னு பாத்தாதான் நிஜ விலை தெரியும், நிலப் பதிவு ஆபீஸான கடாஸ்டர்ல சின்ன ஃபீஸ் கட்டி எடுக்கலாம்.

சரி 4.10க்கு முடியுதுன்னு வைங்க. பேங்க் குடுக்கறது வீட்டு மதிப்புல 100 சதவீதம்தான், நீங்க குடுக்கற விலைல இல்ல. தக்சாட்சி, அதாவது வீட்டுக்கு மதிப்புப் போடறவர் 3.95ன்னு எழுதிட்டார்னா மேல 15,000 உங்க பாக்கெட்லேர்ந்து. இதுக்கு மேல கே.கே. அதாவது வாங்கறவன் தலைல விழற செலவு. வீடு கை மாறும்போது கட்டற வரி 2 சதவீதம், 35 வயசுக்குள்ள இருந்து இந்தச் சலுகைய முன்னாடி எடுக்காதவங்களுக்கு இல்ல (வீட்டு விலை 2025ல 5.25 லட்சம் வரைக்கும்). உங்க விஷயத்துல என்னன்னா ரெண்டு பேர் பேர்லயும் பாதி பாதியா வாங்கினா அவங்க பாதிக்கு வரி இல்ல, உங்க பாதி 2.05க்கு மட்டும் 2 சதவீதம், 4,100. பத்திரம் பதியற நோட்டாரிஸ்கிட்ட கையெழுத்துப் போடற அன்னிக்கு என்ன வயசுங்கறதுதான் கணக்கு, அவங்களுக்கு இன்னும் டைம் இருக்கு, உங்களுக்கு போயிடுச்சு, சாரி.

அப்புறம் என்ஹெச்ஜி, அதாவது வீட்டுக் கடனுக்கான தேசிய கேரண்டி. 2025ல 4.5 லட்சம் வரைக்கும் உள்ள வீட்டுக்கு கிடைச்சுது, லோன்ல 0.4 சதவீதம் ஒரு தடவை கட்டணும், 3.95க்கு 1,580. வட்டி கம்மியாகும், வேலை போய் வீட்ட நஷ்டத்துக்கு விக்கற நிலைமை வந்தா மிச்சக் கடன்லேர்ந்து பெரும்பாலும் காப்பாத்தும், கண்ண மூடிட்டு எடுங்க. இதோட நான் போன வருஷம் குடுத்தது: வாங்கற பக்கத்து மாக்கெலார் 4,000, லோன் அட்வைஸர் 3,000, தக்சாட்சி 800, நோட்டாரிஸ் 1,800. கூட்டிப் பாருங்க, வரியும் என்ஹெச்ஜியும் சேர்த்து 15,280. மேல அந்த 15,000. ஆக கைல 30,000க்கு மேல இருக்கணும், பெயிண்ட்டு, தரை, திரைச்சீலை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. தரைன்னா சிரிக்காதீங்க, பழைய ஓனர் சில சமயம் லேமினேட்டையும் பேத்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. எது இருக்கும் எது போகும்னு ஒரு லிஸ்ட் குடுப்பாங்க, அத வரி விடாம படிங்க.

பிட் போடும்போது லோன் கிடைக்கலன்னா விலகிக்குவேன்ங்கற கண்டிஷன விட்டுட்டா ஜெயிக்கலாம்னு ஆளாளுக்கு ஏத்திவிடுவாங்க. அப்படி விட்டுட்டு லோன் வரலன்னா வீட்டு விலைல 10 சதவீதம் அபராதம், 41,000. நான் விடல, ரெண்டு வீடு தோத்தேன், மூணாவது கிடைச்சுது. கான்ட்ராக்ட் காப்பி கைக்கு வந்தப்புறம் மூணு நாள் மனசு மாத்திக்க சட்டத்துலயே இடம் இருக்கு, வாங்கறவருக்கு மட்டும். வாயால சரின்னு சொன்னதுக்கு மதிப்பே இல்ல, கையெழுத்து ஆகற வரைக்கும் விக்கறவங்க வேற ஆளுக்கு குடுத்துடலாம், எங்க முதல் வீடு அப்படித்தான் போச்சு.

கோட்டைவாசல்

பிராண்டவோர்ட்ல இருக்கேன். பழைய டச்சு கோட்டை ஊர் மாதிரி புதுசா கட்டின இடம், நடுவுல இருக்கற ஃபெஸ்டங்கற பகுதிய சுத்தி தண்ணி இருக்கும், சினிமா செட்டுன்னு கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும். 2006லேர்ந்து சொந்த ஸ்டேஷன் இருக்கு, ஸ்ப்ரிண்டர் ட்ரெயின் ஏறினா பத்து நிமிஷத்துல ஐண்டோவன் சென்ட்ரல். ஆனா உங்க ஆபீஸ் வெல்ட்ஹோவன், அங்கேர்ந்து பஸ்ஸு வேற. மழைக்காலத்துல ரெண்டு மாசம் போய்ப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

இன்னொன்னு, யாரும் சொல்லலயேன்னு சொல்றேன். சிப் மெஷின் செய்யற ஏஎஸ்எம்எல் கம்பெனி ஐண்டோவன் வடக்குல பிரெய்ன்போர்ட் இண்டஸ்ட்ரீஸ் கேம்பஸ்ங்கற தொழிற்பேட்டை பக்கத்துல பெருசா விரிவாக்கம் பண்ணப் போகுது, 20,000 பேர் வரைக்கும் வேலை பாப்பாங்கன்னு திட்டம். ஆக்ட்ஸ பாரியர் அங்கேர்ந்து சைக்கிள் மிதிக்கற தூரம். இன்னிக்கு 3.85ன்னு இருக்கறது அப்புறம் இருக்காது, அதே மாதிரி இன்னிக்கு இருக்கற அமைதியும் சுத்தி இருக்கற மெயின் ரோட்டுல இருக்காது. விலை ஏறும்னு வாங்கறீங்களா நிம்மதிக்கு வாங்கறீங்களான்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிக்கோங்க.

பனங்கொட்டை

தம்பி, நான் 91ல இஞ்ச வந்தனான், 98ல ஹெல்மண்டில வீடு வாங்கேக்க கில்டர் காசு. இப்ப போன வருசம் மகனுக்கு வீடு பாத்துத் திரிஞ்சனாங்கள், அதால சொல்லுறன். எல்லாரும் காசு, சத்தம் எண்டு கதைக்கினம், வீட்டுக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு ஒருத்தரும் கதைக்கேல்ல.

ரோட்டர்டாம், ஹௌடா, சான்டாம் பக்கம் பழைய வீடுகள் மரக்கம்பத்தில நிக்கும், தண்ணி மட்டம் இறங்கினா கம்பம் உக்கும், வீடு சரியும். உங்கட பக்கம் மணல் தரை, அந்தப் பயம் இல்லை. ஆனா உங்கட வீடு 1977 எண்டிறியள். 1965க்கும் 1983க்கும் இடையில கட்டின கன வீட்டில கீழ்த்தளத்துக்கு தொழிற்சாலையில வார்த்த கொங்கிறீட் தரை போட்டவை, கெதியா இறுகட்டும் எண்டு அதுக்குள்ள குளோரைட் கலந்தவை. ஈரம் பட்டா உள்ளுக்கு இருக்கிற கம்பி கறள் பிடிச்சு வீங்கி கொங்கிறீட்ட வெடிக்கப் பண்ணும். மேல நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது, மேல வடிவான ஓக் மரத்தரை இருக்கும்.

அதுக்குத்தான் கட்டட இன்ஸ்பெக்சன். மகன்ர வீட்டுக்கு வந்த ஆள் வந்த உடன முன்வாசல் கால்மிதிய தூக்கினவர், அதுக்குக் கீழ ஒரு பலகை மூடி, அதைத் திறந்து நெத்தியில லைட்டைக் கட்டிக்கொண்டு வயித்தால ஊர்ந்து உள்ளுக்குப் போனவர். அரை மணித்தியாலம் கால் மட்டும்தான் தெரிஞ்சது. ஒரு சின்னச் சுத்தியலால தட்டித் தட்டி சத்தம் கேட்டவர், பிறகு ஒரு துண்டு உடைச்சு லாபுக்கு எடுத்துக்கொண்டு போனவர். வெளிய வரேக்க முழங்கையெல்லாம் ஈர மண். 450 யூரோவும் லாப் காசும், நான் என்ர வாழ்க்கையில குடுத்த காசில இதுக்குத்தான் மனம் கோணாமல் குடுத்தனான். சோதினை வரும் வரைக்கும் இன்ஸ்பெக்சன் கண்டிசன் போட்டுத்தான் விலை குடுத்தனாங்கள், நீங்களும் அதை விடாதேங்கோ.

தோட்டத்துக் கொட்டிலின்ர கூரைத் தகட்டையும் பாருங்கோ. 1993 நடுப்பகுதியிலதான் அஸ்பெஸ்டசை முழுக்கத் தடை செய்தவை, அதுக்கு முந்தின வீட்டுக் கான்ட்ராக்டில அஸ்பெஸ்டஸ் இருந்தா விக்கிறவர் பொறுப்பில்லை எண்டு ஒரு வரி இருக்கும். கண்ணாடியையும் கிட்டப் போய்ப் பாருங்கோ, ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில இருக்கிற அலுமினியப் பட்டியில வருசம் அடிச்சிருக்கும். டபுள் கிளாஸ் எண்டு விளம்பரத்தில போடுவினம், அது 1984ல போட்ட டபுள் கிளாஸா இருக்கும்.

ஃபீட்ஸ்மாமா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் ஆச்சு, அப்டேட் சொல்லணும்ல. வீடு பாத்துட்டு வந்தோம். ரேடியோ ஓடல, ஆனா அடுப்புல கேக் வெந்துட்டிருந்தது, வாசனைலயே வொய்ஃப் பாதி சம்மதிச்சுட்டாங்க. படிக்கட்டு பாத்தோம், எங்க படியும் பக்கத்து வீட்டுப் படியும் ஒரே சுவர்ல, நடுவுல பெட்ரூம் இல்ல, பரவால்லன்னு தோணுச்சு. கண்ணாடில 1999ன்னு இருந்துது அண்ணா, நீங்க சொல்லலன்னா அந்தப் பட்டிய ஜென்மத்துக்கும் பாத்திருக்க மாட்டேன். கொட்டாய் கூரை சாம்பல் கலர்ல அலை அலையா தகடு, மாக்கெலார்கிட்ட கேட்டா "இருக்கலாம்"னு சொல்லிட்டு வானத்தப் பாத்தார்.

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மூணு பேரும் நடந்தோம், ஒரு பூனை, நாயோட ஒரு அம்மா, அவ்ளோதான். லோன் கண்டிஷன், இன்ஸ்பெக்சன் கண்டிஷன் ரெண்டும் வச்சு 4.06 குடுத்தோம். போயிடுச்சு. 4.21க்கு ஒருத்தர் கண்டிஷனே இல்லாம எடுத்துட்டார். ரெண்டு நாள் கடுப்பு, அப்புறம் அந்தக் கீழ்த்தரை ஞாபகம் வந்துது, அவர் அந்த மூடியத் திறந்து பாத்தாரான்னு தெரியல.

ஆனா நாயோட வந்த அந்த அம்மா அதே வரிசைல கடைசி வீடு, மூலை வீடு. அடுத்த வருஷம் பொண்ணு ஊருக்கே குடிபோறதா சொன்னாங்க, விக்கப் போறாங்க போல. மாக்கெலார் இல்லாம நேரா ஒரு லெட்டர் எழுதி தபால்பெட்டில போடலாமா, இல்ல அது இங்க அநாகரிகமா?

வெந்தயக்குழம்பு

தாராளமா போடுங்க, எங்க தெருவுலயே ரெண்டு வீடு அப்படித்தான் கை மாறுச்சு. டச்சுலயே எழுதுங்க, கைப்பட, உங்க பொண்ணு பேரும் சேர்த்து. போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க, என் பையன் திருத்தித் தருவான், என் டச்சுல எழுதினா அவங்க வீட்ட விக்கற எண்ணத்தையே விட்டுடுவாங்க.