32-20 தோட்டாவைக் கொன்றது யார்?

கருமருந்து: வின்செஸ்டர் துப்பாக்கிக் கம்பெனி 1882இல் தன் 1873 மாடல் ரைபிளுக்காகக் கொண்டுவந்த 32-20 தோட்டா ஏன் வழக்கொழிந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். இதில் என்ன மர்மம்? அணிலுக்கும் முயலுக்கும் 22 ரிம்ஃபயரே (கூட்டின் விளிம்பில் அடித்தால் வெடிக்கும் சின்னத் தோட்டா) போதும், விலையும் சல்லிசு. கதை முடிந்தது.

பித்தளைக்கூடு: காலக்கணக்கு இடிக்கிறதே நண்பரே. நீங்கள் சொல்லும் ரிம்ஃபயர் தோட்டாவான 22 லாங் ரைபிள் 1887லேயே வந்தாயிற்று. 32-20க்கு நல்ல காலம் அதற்கு அப்புறமும் ஓடியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1899இல் இதற்கென்றே ரிவால்வர் செய்தது. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரிலும் நன்றாக விற்ற அளவுகளில் இது ஒன்று. 22இன் கூடு ஒருமுறை சுட்டால் குப்பை. 32-20 சென்டர்ஃபயர், அதாவது பற்றவைக்கும் பிரைமர் கூட்டின் அடியில் நடுவே தனியாக இருக்கும்; புது பிரைமர் வைத்து, ஈயத்தை வீட்டிலேயே வார்த்து மறுபடி நிரப்பலாம்.

கருமருந்து: நிரப்பிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். குண்டு உட்காரும் கூட்டின் கழுத்துப் பித்தளை அவ்வளவு மெல்லிசு. குண்டு கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் நசுங்கிவிடும்.

வழிப்போக்கன்: இதை வைத்து மானும் சுட்டார்களாமே?

கருமருந்து: சுட்டார்கள். 44-40 என்ற பெரிய தோட்டாவின் குண்டு 13 கிராம், 32-20இன் குண்டு அதில் பாதிதான். அடிபட்ட மான் ஓடிப்போய் எங்கோ புதரில் கிடந்து சாகும். அது வேட்டையே இல்லை.

பித்தளைக்கூடு: மான் விஷயத்தில் சரி. ஆனால் கேள்விக்கு என் பதில் வேறு. ரைபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா என்ற வசதிதான் இதற்கு வினையானது. துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரௌனிங் வின்செஸ்டருக்குச் செய்துகொடுத்த 1892 ரைபிள் வலுவானது. அதை நம்பிப் புகையில்லா மருந்தில் அதிவேகத் தோட்டா போட்டார்கள். கூடு அதே அளவு என்பதால் பழைய 1873இலும் ரிவால்வரிலும் தாராளமாக நுழையும், ஆனால் அவை அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெட்டிமேல் எச்சரிக்கை அச்சடித்தார்கள், சரி. பெட்டியை விட்டுச் சட்டைப்பைக்குப் போன தோட்டாவில் எச்சரிக்கை ஏது? கடைசியில் பழைய துப்பாக்கி தாங்குகிற மிதமான மருந்தோடு நின்றுவிட்டது.

கருமருந்து: மிதமாக வைத்ததால் சாகவில்லை ஐயா. 1930இல் 22 ஹார்னெட் என்ற புதுத் தோட்டா வந்து, ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் நேர்கோடாகப் போனது. தூரத்து நரியைச் சுடுகிறவன் அப்புறம் எதற்கு 32-20 வாங்குவான்?

பித்தளைக்கூடு: அந்த ஹார்னெட்டோடு மோத வின்செஸ்டர் எதை எடுத்தது தெரியுமா? இதே கூட்டின் கழுத்தைச் சுருக்கி முன்பே 25-20 என்ற தோட்டா செய்திருந்தார்கள். 1930களின் கடைசியில் இன்னும் சுருக்கியதுதான் ஹார்னெட்டுக்குப் போட்டியான 218 பீ தோட்டா.